ஜாக்கி போடவா, இடித்துக் கட்டவா, சுண்ணாம்பு அடித்துவிட்டு இருக்கவா?

மழை வெள்ளம் வடிந்து தை பிறந்தால் எனக்கு இரண்டு மூன்று போனாவது வரும். "மாமா, இந்தத் தடவையும் வீட்டுக்குள்ள முழங்கால் தண்ணி. வீட்டையே ஜாக்கி போட்டுத் தூக்கிடலாம்னு இவர் நிக்கிறார். போடலாமா?" நான் இன்ஜினியர் இல்லை. சென்னை வேளச்சேரியில் முப்பது வருடமாக இருக்கிறேன், 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் கூடத்தில் தண்ணீர் நின்ற வீடு என்னுடையது, அவ்வளவுதான் தகுதி. ஆனால் எங்கள் தெருவில் இருக்கும் இருபது வீடுகளில் எல்லா வழியையும் யாராவது ஒருவர் செய்து பார்த்துவிட்டார்கள். அவர்கள் செலவில் நான் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன்.

முடிச்சூர், வரதராஜபுரம், பள்ளிக்கரணை, வேளச்சேரி மாதிரி தாழ்வான இடத்தில் சொந்தமாகத் தனி வீடு வைத்திருப்பவர்களை நினைத்தே இது எழுதப்பட்டது. அடுக்குமாடியில் தரைத்தள வீடு வைத்திருப்பவர்களுக்கும் நடுவில் சில வரி உண்டு.

## முதலில் ஒன்று: ஈரச் சுவரை வைத்து முடிவெடுக்காதீர்கள்

வீட்டைக் கழுவி முடித்த இரண்டாவது வாரமே பெயின்டரைக் கூப்பிடுவது நம் ஊர் வழக்கம். பொங்கலுக்குள் வீடு பார்க்க நன்றாக இருக்க வேண்டும் என்ற ஆசை. 2016 ஜனவரியில் நானும் அதைத்தான் செய்தேன். பட்டி பார்த்து, எமல்ஷன் அடித்து, சித்திரைக்குள் அத்தனையும் அப்பளமாகப் பொரிந்து விழுந்தது.

ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் நான்கு நாள் தண்ணீரில் நின்றால் உள்ளே காய மாதக்கணக்கில் ஆகும். தண்ணீர் நின்ற கோட்டுக்கு மேலேயும் ஓதம் ஓரடி, ஒன்றரை அடி ஏறியிருக்கும். அதனால் பழைய பட்டியைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். பூச்சைச் சுத்தியலின் காம்பால் தட்டிப் பாருங்கள். 'டொப்'பென்று வெற்றுச் சத்தம் வரும் இடத்தை மட்டும் கொத்தினால் போதும். ஸ்கர்ட்டிங் டைல்ஸின் பின்னால் சேறு தங்கும், அதைப் பெயர்த்துவிடுவது நல்லது. அப்புறம் ஜன்னலைத் திறந்து போட்டு விட்டுவிடுங்கள். சுவர் காய்ந்ததா என்று பார்க்க ஓரடிச் சதுர பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் வைத்தால் தெரிந்துவிடும். உள்ளே முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருந்தால் இன்னும் காயவில்லை. முதல் வருடம் வெறும் சுண்ணாம்பு அடித்துவிட்டு இருப்பதில் ஒரு குறையும் இல்லை. சுண்ணாம்பு சுவரை மூச்சுவிட வைக்கும், பிளாஸ்டிக் பெயின்ட் மூடிப் போட்டுவிடும்.

இன்னொன்று, சம்ப்பையும் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி) செப்டிக் டேங்க்கையும் அவசரமாக முழுக்கக் காலி செய்யாதீர்கள். சுற்றியுள்ள மண் ஊறிக் கிடக்கும்போது காலித் தொட்டியை நிலத்தடித் தண்ணீர் கீழிருந்து தூக்கும், தளம் விரிசல் விடும். அக்கம்பக்கத்தில் தண்ணீர் வற்றிய பிறகு கழுவிக்கொள்ளலாம்.

ஆக, தையில் போன் செய்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் 'பங்குனியில் பேசலாம்' என்பதுதான். அதற்குள் கோபமும் ஆறியிருக்கும், வெள்ளத்துக்கு மறுவாரம் இரட்டிப்பாகியிருந்த கூலியும் இறங்கியிருக்கும். பங்குனியில் முடிவெடுத்தால் ஆவணிக்குள் வேலை முடிந்துவிடும். மழை ஐப்பசியில்தானே!

## எதை வைத்து எடை போடுவது?

உயரம். எல்லாவற்றுக்கும் மேலான கேள்வி இது. 'இடுப்பளவு', 'முட்டியளவு' என்ற கணக்கு உதவாது. கொத்தனார் வைத்திருக்கும் டியூப் மட்டத்தை (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்) வாங்கி மூன்று உயரங்களை அளந்து எழுதுங்கள்: தெருவின் நடுவிலிருந்து உங்கள் வீட்டுத் தரை எவ்வளவு உயரம், தரையிலிருந்து தண்ணீர்க் கோடு எவ்வளவு உயரம், பக்கத்து இரண்டு வீடுகளின் தரை எவ்வளவு உயரம். 2015 கோட்டையும் 2023 கோட்டையும் தனித்தனியே குறியுங்கள். 2015 டிசம்பர் 1-2-இல் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை பெய்தது; செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள். அடையாற்றங்கரைக்காரர்களுக்கு அந்தக் கோடுதான் உச்சம். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டியிருக்கும் எங்களுக்குக் கதை வேறு. ஆறு உடைத்துக்கொண்டு வருவதைவிட வடிய வழியில்லாமல் தேங்குவதே இங்கே தொல்லை.

எத்தனை தடவை, எத்தனை நாள். பத்து வருடத்தில் ஒரு தடவை நாலடி வருவது ஒரு நோய், வருடா வருடம் அரையடி வருவது வேறு நோய். இரண்டுக்கும் மருந்து ஒன்றில்லை. ஆறு மணி நேரத்தில் வடிந்தால் மர வாசக்கால் பிழைத்துக்கொள்ளும், நாலு நாள் நின்றால் பிழைக்காது.

என்ன தண்ணீர். வெறும் மழைத் தண்ணீரா, சாக்கடை கலந்ததா? 2023-இல் எண்ணூர், எர்ணாவூர் பக்கம் வெள்ளத்தோடு கச்சா எண்ணெயும் வீடுகளுக்குள் வந்தது. எண்ணெய் ஏறிய பூச்சு காய்ந்தாலும் மேலே எதுவும் ஒட்டாது, கொத்தித்தான் ஆக வேண்டும்.

கட்டடம். சுவர்மேல் தளம் நிற்கும் பழைய வீடா, பில்லர் போட்ட வீடா? எந்த வருடம் கட்டியது? கூரைக் கம்பி துருப்பிடித்து கான்கிரீட் உதிர்கிறதா? உதிர்கிறது என்றால் கீழே வரப்போகும் ஜாக்கிப் பகுதியை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படியுங்கள்.

யார் இருக்கிறார்கள். என் அம்மாவுக்கு 84 வயது. ராத்திரி இரண்டு மணிக்கு அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறியபோது, சதுர அடிக் கணக்கெல்லாம் எனக்கு மறந்துபோனது.

பத்து வருடக் கணக்கு. போன வெள்ளத்துக்குப் பிறகு செய்த எல்லாச் செலவையும் கூட்டுங்கள். பிரிட்ஜ், மோட்டார், பீரோ, வாடகை வீடு, லீவு போட்ட நாள், எல்லாமும். மிக்ஜாமுக்கு ரேஷன் கடையில் கொடுத்த 6,000 ரூபாயைக் கழித்துக்கொள்ளுங்கள், கணக்கு கணக்குதான்.

## வழி ஒன்று: இருந்தபடியே சரிசெய்வது

கழுவி, காயவைத்து, கெட்டுப்போனதை மாற்றி, பழையபடி இருப்பது. கௌரவம் பார்க்காமல் சொன்னால் பல வீடுகளுக்கு இது போதும். 2015-இல் மட்டும் தண்ணீர் வந்து 2023-இல் படிவரை வந்து நின்றுவிட்ட வீடு என்றால் பெரிய செலவில் இறங்க வேண்டாம். அந்தப் பணத்தில் மழைநீர் வடிகால் வாயைத் தூர்வாருவதும் ஒரு காப்பீடு எடுப்பதும் உருப்படியான வேலை.

காப்பீடு என்றால் பலர் முகம் சுளிப்பார்கள். 2021 ஏப்ரலிலிருந்து எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான வீட்டுப் பாலிசியைத் தர வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் விதித்தது. அதில் வெள்ளம் சேர்த்திதான். கட்டடத்துக்குப் போட்ட தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, வீட்டுச் சாமான்களுக்கும் தானாகவே பாதுகாப்பு உண்டு. மனை விலையைச் சேர்க்காமல் திரும்பக் கட்ட ஆகும் செலவை மட்டும் வைத்துத் தொகை போடுவதால், பிரீமியம் நாம் பயப்படும் அளவுக்கு இருக்காது. தண்ணீர் வடிந்ததும் விளக்குமாற்றைத் தேடுவதற்கு முன்னால் போட்டோவும் வீடியோவும் எடுத்துவிடுங்கள்.

இதில் ஒளிந்திருக்கும் செலவு, அதே பொருளை அதே இடத்தில் திரும்ப வாங்குவது. துகள் பலகையில் செய்த மாடுலர் கிச்சனை 2016-இல் மறுபடியும் போட்டேன். 2023-இல் அது ஊறிய ரொட்டி மாதிரி கையோடு வந்தது.

## வழி இரண்டு: தண்ணீர் வந்தாலும் தாங்கும் வீடாக மாற்றுவது

இப்போது நான் இருப்பது இந்த வழியில். தண்ணீர் உள்ளே வரட்டும், வந்து போன மூன்றாம் நாள் வீடு திரும்ப ஓட வேண்டும் என்பது இதன் குறி. ஜாக்கிக்காரர்கள் மாதிரி இதற்குப் போர்டு மாட்டிய ஆள் கிடையாது. எலக்ட்ரீஷியன், ஆசாரி, கொத்தனார், பிளம்பர் நால்வரையும் நீங்களே கட்டி மேய்க்க வேண்டும்.

மின்சாரத்திலிருந்து ஆரம்பியுங்கள். தரையிலிருந்து ஓரடியில் இருக்கும் ப்ளக் பாயின்ட்கள் எல்லாவற்றையும் தண்ணீர்க் கோட்டுக்கு ஓரடி மேலே ஏற்றுங்கள், எங்கள் வீட்டில் அது ஐந்தடி. வயர் தரை வழியாக வராமல் தளத்திலிருந்து இறங்கி வர வேண்டும். கீழ்த்தளத்துக்கென்று தனிச் சுற்று, தனி எம்.சி.பி. (மின்சுமை கூடினால் தானே அணையும் சுவிட்ச்), மின்கசிவைப் பிடித்து அணைக்கும் 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. இதெல்லாம் இருந்தால் கீழே அணைத்துவிட்டு மாடியில் விளக்கு எரியும். இன்வெர்ட்டரும் பேட்டரியும் மாடிப்படி திரும்பும் இடத்துக்குப் போய்விட வேண்டும். மீட்டர் பெட்டி தாழ்வாக இருந்தால் இடம் மாற்ற மின்வாரியத்தில் மனு கொடுக்க வேண்டும், நாமாகக் கழற்றி மாட்டக் கூடாது.

அடுத்தது மரம். சாதாரணப் ப்ளைவுட், துகள் பலகை, ஃப்ளஷ் கதவு எல்லாம் தண்ணீரில் பிரிந்துவிடும். ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் ப்ளைவுட் தாங்கும், விலை கடிக்கும். நான் செய்தது வேறு. சமையலறையில் கீழ்ப் பகுதிக்குக் கடப்பா கல் பலகைகளை நிறுத்தி, கதவே இல்லாமல் திரை போட்டுவிட்டேன். என் பாட்டி வீட்டில் அப்படித்தான் இருந்தது. பார்க்க வந்த மைத்துனர் 'என்ன மாமா, பழைய காலத்துக்குப் போயிட்டீங்க' என்றார். குளியலறைக்கு பி.வி.சி. கதவு, மற்ற இடங்களுக்கு யு.பி.வி.சி. பழைய தேக்கு வாசக்காலை மட்டும் விட்டுவைத்தேன். அது இரண்டு வெள்ளத்திலும் உப்பியது, வெயிலில் மறுபடி தன் உருவத்துக்கு வந்துவிட்டது.

சுவருக்கு ஜிப்சம் பூச்சும் பி.ஓ.பி. வேலைப்பாடும் கூடாது, சிமென்ட் பூச்சுதான். நாலடிக்கு டைல்ஸ் ஒட்டிவிட்டால் கழுவ எளிது என்று ஒரு யோசனை சொல்வார்கள். கழுவ எளிதுதான், ஆனால் டைல்ஸுக்குப் பின்னால் போன ஈரம் வெளியேற வழியில்லாமல் மேலே ஏறி டைல்ஸ் முடியும் இடத்தில் உப்புப் பூக்கும். சமையலறை, குளியலறையோடு நிறுத்திக்கொள்ளலாம். தரைக்கு விட்ரிஃபைட் டைல்ஸோ கிரானைட்டோ நல்லது. மர லேமினேட் தரை போடும் ஆசை இருந்தால் மாடியில் தீர்த்துக்கொள்ளுங்கள்.

பெட்டிக் கட்டிலுக்கு விடை கொடுங்கள். அதற்குள் பட்டுப்புடவை, கல்யாண ஆல்பம், பத்திரம் என்று எல்லாவற்றையும் போட்டு மூடி, அதன் மேலேயே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தோம். பத்திரம், பட்டா, சான்றிதழ் எல்லாம் இப்போது பரணில், பிளாஸ்டிக் டப்பாவில்.

கழிவுநீர்க் குழாயில், போன தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு வைக்க வேண்டும். வெள்ளத்தில் தண்ணீர் முதலில் வருவது வாசல் வழியாக இல்லை, கக்கூஸ் வழியாக. வால்வை ஒவ்வொரு புரட்டாசியிலும் திறந்து சுத்தம் செய்தாக வேண்டும். ஒரு துணி மாட்டினாலும் அது மூடாது. மூடியிருக்கும் நேரத்தில் உங்கள் கழிவும் வெளியே போகாது என்பதையும் நினைவில் வையுங்கள். சம்ப்பு வாயைத் தண்ணீர்க் கோட்டுக்கு மேலே கழுத்து மாதிரி உயர்த்திக் கட்டிவிட்டால் குடிதண்ணீர் தப்பும்.

மறைந்திருக்கும் செலவு பணத்தைவிட உடம்பில் இருக்கிறது. வானிலை அறிக்கை வந்ததும் பிரிட்ஜை ஏற்ற வேண்டும், மெத்தையைத் தூக்க வேண்டும், வாஷிங் மெஷினுக்கு ஆள் பிடிக்க வேண்டும். வீட்டில் இரண்டு பேராவது திடமாக இருந்தால்தான் இது நடக்கும். வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு இந்த வழியை நான் சொல்ல மாட்டேன்.

## வழி மூன்று: வாசலிலேயே நிறுத்துவது, அல்லது தரையை மட்டும் ஏற்றுவது

இரண்டும் சின்ன வெள்ளத்துக்கு. வாசலில் ஒன்றரை அடிக்குக் குட்டிச்சுவர் கட்டித் தாண்டிப் போவது எங்கள் பக்கம் சாதாரணக் காட்சி. இரண்டு பக்கமும் இரும்புச் சட்டம் பதித்து, மழைக்காலத்தில் மட்டும் ரப்பர் வைத்த பலகையைச் செருகுவது கொஞ்சம் நாகரிகம். ஓரடித் தண்ணீருக்கு நன்றாகவே வேலை செய்யும். அதற்கு மேல் போகும்போது ஒரு கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். பத்தடி நீளச் சுவரில் வெளியே மட்டும் ஓரடித் தண்ணீர் நின்றால் தள்ளும் விசை சுமார் 140 கிலோ. இரண்டடிக்கு 570, மூன்றடிக்கு 1,270, நாலடிக்கு இரண்டே கால் டன். வெள்ளம் இரண்டடியைத் தாண்டும் இடத்தில் தடுத்து நிறுத்த நினைப்பது வீட்டுக்கே ஆபத்து, உள்ளே விட்டுவிடுவதுதான் சுவருக்கு நல்லது. தரையிலிருந்து ஊறி வருவதை இறைக்க பம்ப் வேண்டும், அந்த நேரத்தில் தெருவில் கரண்டை நிறுத்தியிருப்பார்கள்.

உள்ளே மண் கொட்டித் தரையை ஏற்றுவது பார்க்க மலிவு. பத்துக்குப் பன்னிரண்டு அறையை ஓரடி ஏற்ற 120 கன அடி மண், ஏறத்தாழ ஆறு டன். அதைச் சரியாக இடித்துக் கெட்டிக்காவிட்டால் இரண்டாம் வருடம் டைல்ஸ் இறங்கும். அப்புறம் உயரக் கணக்கு. தேசியக் கட்டட விதிப்படி குடியிருக்கும் அறை 2.75 மீட்டர், அதாவது ஒன்பதடி, இருக்க வேண்டும். பத்தடி அறையில் ஓரடிக்கு மேல் ஏற்ற இடமில்லை. ஏழடி உயர வாசலில் ஓரடி போனால் கதவு ஆறடி. என் மாப்பிள்ளை குனிந்துதான் வருவார். சமையல் மேடை, வெஸ்டர்ன் டாய்லெட், ஜன்னல் திண்டு எல்லாம் திடீரென்று குழந்தைகள் வீட்டு உயரத்துக்கு வந்துவிடும். வருடா வருடம் அரையடி வரும் வீட்டுக்கு மட்டும் சரி.

## வழி நான்கு: ஜாக்கி போட்டு உயர்த்துவது

எல்லோரும் கேட்பது இதைத்தான், ஏனென்றால் பார்க்க மாயாஜாலம் மாதிரி இருக்கும். முழு வீடும் நின்றபடியே மூன்றடி மேலே போகிறது! பெரும்பாலும் ஹரியானா, உத்தரப் பிரதேசம், பீகார் பக்கத்திலிருந்து வரும் தொழிலாளர்கள் செய்கிறார்கள்.

சுவரை ஒட்டித் தோண்டி, பேஸ்மட்டத்துக்குக் கீழே கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லை எடுத்து, ஒன்றிரண்டு அடிக்கு ஒரு ஜாக்கி நிறுத்துவார்கள். நடுத்தர வீட்டுக்கே இருநூறு முந்நூறு ஜாக்கி ஆகும். சுவருக்கு அடியில் இரும்புச் சானல் கொடுத்து, ஒரே ஆள் குரல் கொடுக்க, எல்லோரும் ஒரே அளவு திருப்புவார்கள். ஒரு நாளைக்குச் சில அங்குலம். போதிய உயரம் வந்ததும் கீழே கட்டுவேலை ஏறும், சுவர் நெடுக பெல்ட் மாதிரி ஒரு கான்கிரீட் பட்டை ஓடும், ஜாக்கிகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். இந்த பெல்ட்டில் ஒரு லாபம் உண்டு, ஒப்பந்தக்காரர்களே அதைச் சொல்வதில்லை. முப்பது வருடமாகச் சுவரில் ஏறிக்கொண்டிருந்த ஓதம் அங்கே வெட்டுப்பட்டு நின்றுவிடும். எங்கள் இடப்பக்கத்து வீட்டில் உயர்த்திய பிறகுதான் சுவரில் பெயின்ட் நின்றது.

சதுர அடிக்கு இவ்வளவு என்று விலை சொல்வார்கள். அந்த விலையில் எதெல்லாம் இல்லை என்று கேட்பதுதான் உங்கள் வேலை. பக்கத்து வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தாளில் 'வீடு உயர்த்துதல்' என்று மட்டும் இருந்தது. உள்ளே மண் நிரப்புவதும் புதுத் தரை போடுவதும் தனி. வாசற்படி, கார் ஏறும் சரிவு, காம்பவுண்டு, கேட் எல்லாம் தனி. தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய், மின் இணைப்பு மறுபடி. செப்டிக் டேங்க் பழைய மட்டத்திலேயே இருந்தது, வெள்ளத்தில் அது நிரம்பியதும் உயர்ந்த வீட்டின் கக்கூஸ் உபயோகிக்க முடியாமல் போனது. இரண்டு மாத வாடகை, விரிசல் அடைக்கும் பூச்சு, பெயின்ட். முடிவில் அவர் கொடுத்தது தாளில் இருந்த தொகையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு.

ஆபத்தையும் மறைக்கக் கூடாது. 2022 ஆகஸ்டில் சேலையூரில் இப்படி உயர்த்திக்கொண்டிருந்த வீட்டில் இடிந்து விழுந்து ஒரு தொழிலாளி இறந்துபோனார். அதனால் சில விஷயங்களில் நான் கண்டிப்பு. கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை நீங்களே பணம் கொடுத்து அமர்த்தி, 'இந்த வீடு தாங்கும்' என்று எழுத்தில் வாங்க வேண்டும். ஒப்பந்தக்காரர் கூட்டிவரும் பொறியாளர் கணக்கில் சேராது. உள்ளாட்சிக்குத் தெரிவிக்க வேண்டும். தொழிலாளர்களுக்குக் காப்பீடு இருக்கிறதா என்று தாளைப் பார்க்க வேண்டும். வேலை நடக்கும் நாட்களில் யாரும் வீட்டுக்குள் தூங்கக் கூடாது, 'மாடியில்தானே இருக்கோம்' என்பது பேச்சே இல்லை. மாசிக்கும் ஆனிக்கும் நடுவில் மண் காய்ந்திருக்கும்போதுதான் தொட வேண்டும், எங்கள் பக்கத்துக் களிமண் ஈரத்தில் உப்பும்.

சுவர்மேல் தளம் நிற்கும் ஒரு மாடி, இரண்டு மாடி வீட்டுக்கு இது ஒத்துவரும். பில்லர் வீட்டில் பில்லர்களை அறுக்க வேண்டியிருக்கும், அது வேறு தரத்து வேலை. பக்கத்து வீட்டோடு பொதுச் சுவர் இருந்தால் மறந்துவிடுங்கள். கூரைக் கம்பி துருப்பிடித்த வீட்டை உயர்த்துவது, பல் ஆடும் கிழவருக்குப் புதுச் செருப்பு வாங்குவது மாதிரி.

எவ்வளவு உயரம்? பெரும்பாலோர் மூன்றடி என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். உங்கள் கோடு நாலரை அடி என்றால் மூன்றடி உயர்த்தியும் ஒன்றரை அடி உள்ளே வரும். தெருவும் சும்மா இருக்காது. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுச் சாலை போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு உத்தரவு போட்டார். அதற்கு முன்பு ஒவ்வொரு தேர்தலுக்கும் சாலை சில அங்குலம் ஏறியதால்தானே பாதி வீடுகள் பள்ளத்துக்குப் போயின. உங்கள் தெருவில் சாலை போடும்போது சுரண்டுகிறார்களா என்று நின்று பாருங்கள். அந்த ஒரு மணி நேரம் ஜாக்கியைவிட மலிவு.

## வழி ஐந்து: தரைத்தளத்தை விட்டுக்கொடுப்பது

நாலடிக்கு மேல் இரண்டு தடவை பார்த்த வீடு, கட்டி முப்பது வருடம் தாண்டியது, கூரை உதிர்கிறது என்றால் எனக்குத் தெரிந்து நியாயமான பதில் இதுதான். இடித்துவிட்டு, கீழே பில்லர் மட்டும் நிறுத்தி வண்டி விட்டு, மேலே குடியிருப்பது. 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கட்டட விதிகளில் வாகன நிறுத்தத்துக்கான தூண் தளத்தைக் கட்டடப் பரப்புக் குறியீட்டில் (மனை அளவுக்கு எவ்வளவு கட்டலாம் என்ற கணக்கு) சேர்ப்பதில்லை, அதனால் கட்டும் உரிமையை இழக்க மாட்டீர்கள். பின்னால் அங்கே செங்கல் எழுப்பி ஒரு 'ரூம்' போட்டால் விதிமீறல், அடுத்த வெள்ளத்தில் அந்த ரூமில் யாரோ மாட்டிக்கொள்வார்கள்.

மறைந்திருக்கும் செலவு: வரைபட அனுமதி, மண் பரிசோதனை, ஒன்றரை வருட வாடகை, முதியவர்களுக்கு லிஃப்ட். லிஃப்ட் குழியில் வெள்ளம் நிரம்பும். மழை எச்சரிக்கை வந்ததும் லிஃப்டை மேல் மாடியில் நிறுத்தி அணைத்துவிட வேண்டும். மின் பேனலையும் ஜெனரேட்டரையும் தூண் தளத்தில் வைக்கும் பில்டரிடம் சண்டை போடுங்கள். கார் தப்பாது. அதற்குத்தான் மழை வருகிறது என்றாலே வேளச்சேரி மேம்பாலத்தில் காரை வரிசையாக விட்டுவிட்டு வருகிறோம்.

பழைய அடுக்குமாடியில் தரைத்தளம் வைத்திருப்பவர்கள் தனியாக ஒன்றும் செய்ய முடியாது என்று நினைக்கிறார்கள். 2022-ஆம் ஆண்டின் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒத்துக்கொண்டால் இடித்துத் திரும்பக் கட்டலாம். மூன்றாம் மாடிக்காரர் தண்ணீரைப் பார்த்ததே இல்லை என்பதால் கூட்டத்தில் கொஞ்சம் தொண்டை வற்றும்.

இடிக்காமலும் இதைச் செய்யலாம். அஸ்திவாரம் தாங்கும் என்றால் மாடி எழுப்பிக்கொண்டு கீழே வண்டி, துணி துவைப்பது என்று வைத்துக்கொள்ளலாம். பலர் செய்வது வேறு. தாங்கள் மேலே போய்விட்டு, கீழ் போர்ஷனை வாடகைக்கு விட்டுவிடுகிறார்கள். நம் தலைவலியை அடுத்தவர் தலையில் வைத்து மாதா மாதம் வாடகையும் வாங்குவது எனக்குப் பிடிக்கவில்லை. விடுவதென்றால் தண்ணீர்க் கோட்டைக் காட்டிவிட்டு, ஐந்தடியில் ப்ளக் வைத்துக் கொடுத்துவிட்டு விடுங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | தாங்கும் தண்ணீர், தரைக்கு மேல் | வேலை நாள் | பிறகு தெரியும் செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| பழையபடி சரிசெய்தல் | அரிதாக வரும் எந்த அளவும் | காயும் மாதங்களோடு சேர்த்து 4-5 மாதம் | அடுத்த தடவை மறுபடியும் | ஒரே ஒரு தடவை வந்த வீடு |
| தாங்கும்படி மாற்றுதல் | 4 அடி வரை | காய்ந்த பிறகு ஒரு மாதம் | ஒவ்வொரு மழைக்கும் தூக்கி வைக்கும் உழைப்பு | மாடி உள்ள, திடமான ஆட்கள் உள்ள வீடு |
| வாசல் தடுப்பு | ஓரடி, அதிகபட்சம் 2 | சில நாள் | பம்ப், டீசல் | சில மணி நேரம் நிற்கும் தண்ணீர் |
| தரையை ஏற்றுதல் | அரை அடி முதல் ஓரடி | 3-4 வாரம் | கதவு, மேடை, கழிப்பறை மாற்றம் | அடிக்கடி கொஞ்சமாக வரும் வீடு |
| ஜாக்கி | உயர்த்தும் அளவுக்கு | ஒன்றரை, இரண்டு மாதம் | விலைத் தாளில் இல்லாத பாதி | பில்லர் இல்லாத, உறுதியான பழைய வீடு |
| தூண் தளத்தோடு புதிது | ஒரு மாடி உயரம் | ஒரு வருடத்துக்கு மேல் | வாடகை, அனுமதி, லிஃப்ட் | பழுத்த கட்டடம், நாலடிக்கு மேல் கோடு |

## விற்றுவிட்டால் என்ன?

கேட்கிறார்கள், அதில் தப்பில்லை. வெள்ளம் வந்த வருடம் விலை விழும், இரண்டு வருடத்தில் மறதியோடு சேர்ந்து ஏறிவிடும். விற்பதென்றால் அவசரப்படாமல் விற்கலாம். வாங்க வருபவர் கேட்டால் எத்தனை அடி என்று உள்ளதைச் சொல்லுங்கள். எங்கள் தெருவில் ஒருவர் சொல்லாமல் விற்றார். வாங்கியவர் இப்போது என் எதிர் வீட்டுக்காரர், பழையவரைப் பற்றி அவர் பேசுவதை இங்கே எழுத முடியாது.

கடைசியாக, ஜாக்கி பற்றி வீட்டில் பேசும்போது பக்கத்து வீட்டாரையும் கூப்பிட்டு உட்காரவையுங்கள். இருபதில் எட்டு வீடுகள் உயர்ந்துவிட்ட எங்கள் தெருவில், உயர்த்திய வீடுகளின் காம்பவுண்டுக்குள் முன்பு பரவி நின்ற தண்ணீருக்கு இப்போது இடமில்லை. அது மிச்சமுள்ள பன்னிரண்டு வீடுகளைத் தேடி வருகிறது. 2023-இல் எங்கள் கூடத்தில் நின்றதில் கொஞ்சம் அந்தக் கணக்கில் வந்ததுதான் என்று இடப்பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, அன்று மூன்று வேளையும் எங்களுக்குச் சாப்பாடு கொடுத்து அனுப்பினார். அம்மாவுக்குத் தனியாக ரசம் சாதம்.